கேள்வி பதில்: நான் கணக்கு எழுதிய குஸ்தி

லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். 1996 முதல் மூன்று வருடம், பந்தயங்களை ஏற்பாடு செய்து நடத்தும் ஒரு மல்யுத்த புரமோட்டருக்கும் கணக்கு எழுதினேன் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. ஆகவே இந்த முறை முழுக்க இங்கிலாந்துக் குஸ்திதான்.

ஐயா, யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் மோதுகிறார்கள். பிறகு அவர்களுக்குள் என்ன பொறாமை, என்ன பகை?
– திருச்சி வாசகர்

பேசி வைத்துக்கொள்வதால்தான் அத்தனை பகையும். ஓட்டப்பந்தயத்தில் தோற்றவன் இன்னும் நாலு மாதம் பழகிவிட்டு வந்து அடுத்த முறை ஜெயிக்கலாம். இங்கே ஜெயிப்பதும் தோற்பதும் யாரோ ஒருவருடைய பேனாவில் இருக்கிறது. அந்தப் பேனா யாரைத் தொடர்ந்து ஜெயிக்க வைக்கிறதோ அவர் பெயர் போஸ்டரில் பெரிய எழுத்தில் வரும், கூலியும் ஏறும். தொடர்ந்து தோற்கிறவர், இரண்டு வருடத்தில், நாற்காலிகள் பாதி நிறையும் முன்பே முதல் பந்தயத்துக்கு இறங்குகிற ஆளாகிவிடுவார்.

அந்தப் பேனா ஒரு வீரர் கையிலேயே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிக் மெக்மேனஸ் என்று ஒருவர். கருகருவென்ற முடி, கறுப்பு ட்ரங்க்ஸ், குட்டையான உருவம், வில்லன் வேடம். ‘காதை மட்டும் தொடாதே’ என்று அவர் கத்துவது நாடு முழுக்கப் பிரசித்தம். 1960களில் சனிக்கிழமை மாலை ஐடிவி சேனலில் லட்சக்கணக்கானவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில் இருந்த டேல் மார்ட்டின் என்ற கம்பெனிதான் தெற்கு இங்கிலாந்து முழுக்கக் குஸ்தி நடத்தியது. அங்கே யாருக்கு யாரோடு பந்தயம் என்று ஜோடி போடும் மேட்ச்மேக்கர் வேலையும் மெக்மேனஸுக்கே. தொலைக்காட்சியில் அவர் தோற்பது அபூர்வம் என்பதில் என்ன ஆச்சரியம்?

அவருக்கு எதிரணி ஜாக்கி பாலோ. வெளுத்த கூந்தலை ரிப்பன் போட்டுக் கட்டிக்கொண்டு கோடு போட்ட ட்ரங்க்ஸில் வருவார். இவர்கள் இருவரையும் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிநாளன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன் மோதவிட்டார்கள் என்றால் மவுசு எவ்வளவு என்று தெரியும். பாலோ பிற்காலத்தில் தனியாகப் பிரிந்து சொந்தமாகப் பந்தயங்கள் நடத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1985இல் தன் வாழ்க்கைக் கதையில், எல்லாம் பேசி வைத்துச் செய்வதுதான் என்று போட்டு உடைத்துவிட்டார். கூடவே மோதி வாழ்ந்தவர்கள் பலர் அதை மன்னிக்கவில்லை.

ஒன்று முக்கியம். முடிவுதான் பேசி வைத்தது. விழுகிற உடம்பு நிஜம். உங்களைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருப்பவர் உங்கள் மேல் வன்மம் உள்ளவராக இருந்தால், பிடியை ஒரு விநாடி முன்னதாக விட்டால் போதும், கழுத்து போய்விடும். வடக்கே விகன் என்ற சுரங்க ஊரில் பில்லி ரைலி நடத்திய பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர்கள் நிஜமாகவே மூட்டைக் கழற்றத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட ஆட்களைத் தலைக்கனம் பிடித்தவனுக்குப் பாடம் புகட்ட இறக்குவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பார்க்கிற ஜனத்துக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு புரமோட்டர் ஏமாற்றினால் இன்னொருவரிடம் போக வேண்டியதுதானே? ஏன் அங்கேயே கிடக்க வேண்டும்?
– சென்னை, அண்ணாநகர் வாசகி

போக முடியாதபடி வேலி போட்டிருந்தார்கள் அம்மா. 1930களில் ‘ஆல் இன்’ என்ற பெயரில் கண்டபடி நடந்த மல்யுத்தத்துக்கு லண்டன் நகராட்சி தடை போட்டது. போர் முடிந்து, 1947இல் மவுண்ட்டெவன்ஸ் பிரபு பெயரில் விதிகள் வந்தன. எடைப் பிரிவு, ரவுண்டு, மூன்றில் இரண்டு வீழ்த்தல் என்று தொழிலுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அந்த மரியாதையைக் கையில் வைத்துக்கொண்டு, 1952இல் ஊருக்கு ஊர் இருந்த பெரிய புரமோட்டர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். ஜாயிண்ட் புரமோஷன்ஸ் என்று பெயர். நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு வீரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். வெளியாளிடம் போய் மோதினவனுக்கு இவர்களிடம் வேலை கிடையாது. தொலைக்காட்சி வந்தபோது அதுவும் இவர்கள் கைக்கே போனது.

வெளியே நின்று போட்டி போட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் பால் லிங்கன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். லண்டன் சோஹோவில் ‘டூ ஐஸ்’ என்ற காபிக் கடையை நடத்தினார். கிளிஃப் ரிச்சர்ட் போன்ற பாடகர்கள் தலையெடுத்த அதே கடை. ராத்திரி முகமூடி போட்டு ‘டாக்டர் டெத்’ என்று ரிங்கில் இறங்குவார். அவர் கம்பெனியும் 1966இல் பெரிய கூட்டோடு ஐக்கியமாகிவிட்டது.

கூட்டுக்கு வெளியே இருந்தவர்கள் வட்டத்தில் நடந்த இன்னொரு பகை, பேசி வைக்காதது. பெர்ட் அசிராட்டி என்ற பழைய சாம்பியன். உயரம் குறைவு, உடம்பு பீப்பாய், பிடித்தால் நிஜமாகவே வலிக்கும் என்று சக வீரர்களே பயந்த மனிதர். 1960களில் ஷர்லி கிராப்ட்ரீ என்ற வாலிபரைச் சாம்பியன் என்று போட்டு ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள். அசிராட்டிக்குப் பொறுக்கவில்லை. தொந்தரவுக்கு மேல் தொந்தரவு கொடுத்து, 1966 வாக்கில் அந்த வாலிபரைத் தொழிலைவிட்டே ஓட வைத்தார். ஆறேழு வருடம் ஷர்லி பெரும்பாலும் ரிங் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான மேக்ஸ் கிராப்ட்ரீ கையில் பேனா இருந்தது! ஷர்லி ‘பிக் டாடி’ ஆனார். 64 அங்குல மார்பு, மின்னும் தொப்பி, பிள்ளைகளின் செல்லம். அவர் பந்தயங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நல்ல இளம் வீரர் ஒருவர் ஜோடியாக இறங்கிப் பத்து நிமிடம் அடி வாங்குவார். கடைசியில் டாடி உள்ளே வந்து வயிற்றால் இரண்டு இடி இடித்து மேலே விழுவார், மணி அடித்துவிடும். 1981இல் வெம்பிளி அரங்கில் ஜயண்ட் ஹேஸ்டாக்ஸ் என்ற வீரரைச் சில நிமிடங்களில் முடித்தார். அடி வாங்கப் பயன்பட்ட இளைஞர்களில் ஒருவர் பிறகு கனடா, ஜப்பான் என்று போய் டைனமைட் கிட் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். திறமைசாலிகள் பலர் பிர்க்கன்ஹெட்டில் பிரையன் டிக்சன் 1970இல் தொடங்கிய ஆல் ஸ்டார் கம்பெனிக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தார்கள்.

1987 ஆகஸ்டில் கிரேட் யார்மத் ஹிப்போட்ரோமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிங் காங் கர்க் என்ற வீரர் மேல் டாடி வழக்கம்போல் விழுந்தார். கர்க் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே கடுமையான இருதய நோய் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது, டாடி மேல் குற்றமில்லை என்றார்கள். கடைசிவரை அவருக்கு அது ஆறாத துக்கம். எனக்கு ஆறாதது வேறு. இருதயம் அப்படிக் கெட்டிருந்த மனிதரை வாராவாரம் ரிங்கில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் காது வைத்துக் கேட்கவில்லையா? அதைக் கட்டாயமாக்க ஒரு சட்டமும் இல்லையா?

நல்லவன், கெட்டவன் வேடங்களுக்கு அங்கே என்ன பெயர்?
– கோவை கல்லூரி மாணவர்

அமெரிக்காவில் ‘பேபிஃபேஸ்’, ‘ஹீல்’. இங்கிலாந்து டிரெஸ்ஸிங் ரூமில் நல்லவன் ‘புளூ ஐ’, கெட்டவன் ‘வில்லன்’. தொழில் ரகசியத்தை வெளியே விடாமல் காப்பதற்குக் ‘கேஃபேப்’ என்று பெயர்.

நீங்கள் கணக்கு எழுதிய புரமோட்டர் ஏமாற்றினாரா? எப்படி?
– மதுரை வாசகர்

ஏமாற்றினார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். உள்ளே டிக்கெட் அடிக்கட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு. பெரியவர்களுக்கு ரோஸ், பிள்ளைகளுக்கு மஞ்சள். ஹால் வாடகை ரசீது, போஸ்டர் அடித்த பில், வேனுக்குப் பெட்ரோல் சீட்டு எல்லாம் அதிலேயே கிடக்கும். கூடவே அவர் கைப்பட எழுதிய ஒரு தாள். இன்ன தேதி, இன்ன ஹால், 190 டிக்கெட் என்று இருக்கும். பழக்கதோஷத்தில் ஒருநாள் அடிக்கட்டைகளை எண்ணினேன். 312 வந்தது. கேட்டேன். மீதியெல்லாம் ஓசி டிக்கெட் என்றார். ஓசி டிக்கெட்டுக்கு யார் ரோஸ் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள்?

வருமான வரிக்காகத்தான் குறைக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் அவரோடு கடலோர ஊர் ஒன்றின் டவுன் ஹாலுக்குப் போனபோதுதான் புரிந்தது. மேடைக்குப் பக்கத்தில் கறுப்புத் திரை. அதன் இடுக்கில் கண்ணை வைத்து ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது தாண்டிய மனிதர், முழங்காலில் அழுக்குப் பட்டி. உதடு அசைந்தது. வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் எண்ணுவார்களாம். தலையை டிக்கெட் விலையால் பெருக்கினால் இன்றைக்கு நமக்குக் கூலி வருமா வராதா என்று தெரிந்துவிடும். அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததைப் பார்த்தேன்.

பந்தயம் முடிந்து இரவு பத்தரைக்கு டிரெஸ்ஸிங் ரூமில் பழுப்புக் கவர்கள் வந்தன. திரை இடுக்கில் எண்ணிய அந்த வீரருக்குப் பேசியது 50 பவுண்டு. கவரில் 30. ‘கேட் (டிக்கெட் வசூல்) சரியில்லை, அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்’ என்றார் புரமோட்டர். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ‘நீங்கள்தானே கணக்குக்காரர், இன்றைக்கு எத்தனை பேர்?’ என்று கேட்டார். எண்ணிக்கை எனக்குத் தெரியும். பக்கத்தில் முதலாளி நிற்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நோட்டுகளை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, 150 மைல் தள்ளி இருக்கிற வீட்டுக்குக் கிளம்பிப் போனார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு அந்த இருபது பவுண்டு கிடைத்துவிடவில்லை.

வழக்குப் போடலாமே என்பீர்கள். எதை வைத்துப் போடுவது? ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. நீதிமன்றத்தில் நின்றால் என்ன வேலை, எப்படி நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும். தொழில் ரகசியத்தை உடைத்தவனுக்கு எந்தப் புரமோட்டரும் வேலை தர மாட்டார், சக வீரர்களே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பார்க்கிறவர்களை ஏமாற்ற என்று வைத்த ரகசியம், உள்ளே இருக்கிறவர்களின் வாயைத்தான் கெட்டியாகக் கட்டியது.

பொறாமைக்கு எண்ணெய் ஊற்றுவதும் இந்தக் கவர்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ‘உனக்குத்தான் அதிகம், வெளியே சொல்லாதே’ என்பார் புரமோட்டர். ஒருவர் கவரை இன்னொருவர் பார்க்க முடியாது. பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க ஒரே காரில் வருவார்கள், வில்லனும் புளூ ஐயும் சேர்ந்து இறங்குவதை ரசிகர்கள் பார்த்துவிடக் கூடாது என்று ஒருவரை ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடுவார்கள். அப்படி ஐந்து மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்து வருகிறவர்கள்கூடக் கூலியைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். ஆளுக்கு ஆள் சந்தேகம். நான் புத்தகத்தைப் பார்த்தவன். அவர்களில் யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லோருக்கும் குறைவுதான்.

என் தம்பி குடும்பம் 2001இல் இங்கிலாந்து கடலோர ஊரில் அண்டர்டேக்கரைப் பார்த்ததாகச் சொல்கிறான். உண்மையா?
– சேலம் வாசகர்

அண்டர்டேக்கர் என்ற அமெரிக்க வீரரின் வேடம் போட்ட ஆளைப் பார்த்திருப்பார். 1988 டிசம்பரோடு ஐடிவி குஸ்தியை நிறுத்திவிட்டது. பிறகு பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் டிஷ் ஆண்டெனாவில் வந்த அமெரிக்க வீரர்கள். 1992இல் வெம்பிளி மைதானத்தில் அமெரிக்கக் கம்பெனி நடத்திய சம்மர்ஸ்லாம் என்ற பெரிய பந்தயத்துக்கு ஏறக்குறைய 80,000 பேர் வந்தார்கள். உள்ளூர்ப் புரமோட்டர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்க நட்சத்திரத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘டிரிப்யூட்’, அதாவது அவருக்கு மரியாதையாக, என்று அடிப்பது. உள்ளே அதே மாதிரி தொப்பியும் கோட்டும் போட்ட உள்ளூர் ஆள் வருவார்.

இப்படி ஒரு பந்தயத்தில் என் முன் வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன், கையில் அட்டையில் தானே வரைந்த படம். ஆள் வந்ததும் எழுந்து நின்றான். அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, அட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டான். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்தவர் அவர் அல்லவா, அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பான்.

வேடம் போட்டவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பயிற்சி உள்ளவர், சொந்தப் பெயரில் வர ஆசைப்பட்டிருப்பார். முகமூடியும் வேடமும் புரமோட்டருக்கு வசதி, உள்ளே ஆளை மாற்றிக்கொள்ளலாம். கெண்டோ நாகசாகி என்ற முகமூடி வீரர் 1977இல் தானே முகமூடியைக் கழற்றிச் சில மாதத்தில் ஒதுங்கினார். பிறகு கிங் கெண்டோ என்று அதே சாயலில் ஒருவர் பிக் டாடிக்கு எதிராக வந்துவிட்டார்.

என் மகளுக்கு 17 வயது. மல்யுத்தப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அனுப்பலாமா அண்ணா?
– லெஸ்டரிலிருந்து ஒரு தாய்

தங்கச்சி, அனுப்புங்கள், ஆனால் முதல் மாதம் நீங்களும் கூடப் போங்கள்.

2020 ஜூனில் ‘ஸ்பீக்கிங் அவுட்’ என்று இந்தத் தொழிலில் இருந்த பெண்கள், ஆண்களும்கூட, தங்களுக்கு நடந்த கொடுமைகளை வெளியே சொன்னார்கள். பயிற்சியாளர்கள், வீரர்கள், புரமோட்டர்கள் என்று பல பெயர்கள் வந்தன. சிலர் வேலை இழந்தார்கள், சில கம்பெனிகள் ஆட்டம் கண்டன. அதன் பிறகு நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்த ஒரு குழு இதை ஆராய்ந்து 2021 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. அதுவரை, விளையாட்டா கலையா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இதைக் கைவிட்டிருந்தார்கள். பயிற்சியை விளையாட்டாகவும், மேடையில் நடப்பதைக் கலையாகவும் பார்க்க வேண்டும் என்றது அறிக்கை. பாதுகாப்புக்கு அதுதான் முதல் படி என்று நானும் நினைக்கிறேன்.

போனதும் கேளுங்கள்: பயிற்சியாளருக்குக் குற்றப் பின்னணியைச் சோதித்துத் தரும் டிபிஎஸ் சான்றிதழ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் யார் பேரில், தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ரிங்கில் ஏற்றாமல் உட்கார வைப்பார்கள். பெண்களுக்குத் தனியாக உடை மாற்றும் அறை உண்டா என்று கேட்காதீர்கள், கண்ணால் பாருங்கள். ரிங் எப்படி இருக்கும் தெரியுமா? இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கான்வாஸ். பலகைகள் இடைவெளி விட்டுக் கிடந்தால் விரல் போய்விடும். நீங்களே ஏறி நடந்து பாருங்கள்.

இன்னொன்று. பயிற்சிக்கு உங்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு, வேனில் ரிங்கை ஏற்றி இறக்கும் வேலைக்கும் பிள்ளைகளைச் சும்மா அழைத்துப் போவார்கள். தொழில் கற்கிற கடமை என்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் சரி. நள்ளிரவு வரை இரும்புத் தூண் தூக்கிவிட்டு, முன்பின் தெரியாதவர் காரில் அவள் வீடு திரும்ப வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘இதையெல்லாம் கேட்டால் வாய்ப்பு வராது’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே வந்துவிடுங்கள். வேறு பள்ளிகள் இருக்கின்றன. ‘ஈவ்’ என்று பெண்களுக்கென்றே 2010இல் தொடங்கி இப்போது லண்டனில் நடக்கும் அமைப்பும் இருக்கிறது, மகளோடு போய் ஒரு பந்தயம் பாருங்கள்.

இப்போதும் குஸ்தி பார்க்கிறீர்களா?
– கும்பகோணம் வாசகர்

பார்க்கிறேன். புதுப்புதுக் கம்பெனிகள் வருகின்றன, போகின்றன. 2018இல் ஒன்று பெரிய பெரிய அரங்குகளைப் பிடித்து வாராவாரம் நேரலை என்று ஆரம்பித்து, சில வாரங்களிலேயே படுத்துவிட்டது. அதே வருடம் அமெரிக்கக் கம்பெனி இங்கேயே ஒரு கிளை தொடங்கி நல்ல வீரர்களை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது, 2022இல் மூடிவிட்டது. பிரையன் டிக்சன் 2023இல் காலமானார். ஜிம் பிரேக்ஸ் என்ற வீரரின் ரசிகர் மன்றம் நடத்திய பையனாகத் தொடங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் சின்ன ஊர் ஹால்களில் குஸ்தியை அணையாமல் காத்தவர். குராய்டன் ஃபேர்ஃபீல்ட் ஹாலில் அவர் கம்பெனி பந்தயங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போன மாதம்கூட ஒரு சின்ன ஹாலுக்குப் போயிருந்தேன். பின் வரிசைதான் எப்போதும் என் இடம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, வரிசைக்கு எத்தனை நாற்காலி, எத்தனை வரிசை என்று எண்ணி, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். 214 பேர். யாராவது வந்து கேட்டால் சொல்ல வேண்டும்.